எட்டுப் பேர் இருந்த அறை

(ஸ்ரீபெரும்புதூரில் வாசகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கப் போகாமல் நேராக இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு வணக்கம். உங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர், ஒரகடம் வரைக்கும் எந்தத் தொழிற்சாலை கேட்டில் போய் நின்றாலும் ஷிப்ட் விடும் நேரத்தில் என் மாணவன் ஒருவனாவது "சார்" என்று ஓடி வருவான். அது எனக்குப் பெரிய பாக்கியம். ஆனால் ஓடி வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். வேலை போனவன் வாத்தியார் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான். அவர்களை நினைத்துத்தான் இன்றைய பேச்சு.

2019 ஆகஸ்ட் மாதம். வேலை நாள், பகல் பதினோரு மணி இருக்கும். மாத்தூரில் ஒரு மாடி அறைக்குப் போனேன். மாணவன் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் எட்டுப் பேர் வாடகையைப் பிரித்துக் கொடுத்துத் தங்கியிருந்தார்கள். இந்த அறையில் எட்டுப் பேர் எப்படியப்பா படுக்கிறீர்கள் என்று முன்பு ஒருமுறை அவனிடம் கேட்டிருந்தேன். "எட்டுப் பேரும் ஒரே நேரத்தில இருக்கவே மாட்டோம் சார். ஏ ஷிப்ட்டுக்காரன் எழுந்து போற பாயில சி ஷிப்ட்டுக்காரன் வந்து படுப்பான். பாய் சூடு ஆறவே ஆறாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அன்றைக்குப் போனபோது எட்டுப் பேரும் அறையில் இருந்தார்கள். காய்ச்சல்காரன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். நான்கு பேர் அவனைச் சுற்றிக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வாசற்படியில், இருவர் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில். எனக்கு உட்கார இடம் கொடுக்க ஒருவன் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. கம்பெனி ஓடும்போது எட்டுப் பேருக்குப் போதுமாக இருந்த அறை, கம்பெனி நின்றதும் நான்கு பேருக்குக்கூடப் போதவில்லை. பொருளாதார மந்தம் என்ற சொல்லைச் செய்தித்தாளில் மாதக்கணக்காகப் படித்துவந்தேன். அது என்ன என்று எனக்கு விளங்கியது அந்த அறையில்தான்.

அந்த மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்கள் 2,87,198. 2019 ஆகஸ்டில் 1,96,524. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான வீழ்ச்சி. வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் கணக்கெடுக்கத் தொடங்கிய 1997-98க்குப் பிறகு அப்படி ஒரு மாதம் வந்ததில்லை. லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்களின் விற்பனை 38 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதம் அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாளும் ஒசூர் ஆலைகளுக்கு 5 நாளும் உற்பத்தி இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. உதிரி பாகத் தொழிலில் பத்து லட்சம் வேலைகள் ஆபத்தில் இருப்பதாக அத்தொழிலின் சங்கமே எச்சரித்தது.

ஏன் இப்படி ஆனது? நிதி அமைச்சர் 2019 செப்டம்பரில் சென்னையில் பேசும்போது, இளைஞர்கள் இப்போது கார் வாங்கித் தவணை கட்டுவதைவிட ஓலா, ஊபரில் போவதையே விரும்புகிறார்கள் என்று ஒரு காரணம் சொன்னார். அது ஒரு காரணமாக இருக்கலாம். நான் கண்ட காரணங்கள் வேறு. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. அதைப் பார்த்து மிரண்ட வங்கிகள் மற்ற நிதி நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதை இறுக்கின. கிராமத்தில் பைக்குக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவை அந்த நிறுவனங்கள்தான். அதே செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, பைக்குக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிக்கு ஏற்ற வண்டி மட்டுமே விற்கலாம் என்பதால், இருக்கிற வண்டி பழசாகிவிடுமோ என்று வாங்குபவன் தயங்கினான்.

லாரி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரகடத்தில் நிறையப் பிள்ளைகளின் சோறு லாரியில்தான் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 25 டன் இருக்கலாம் என்றிருந்தது 28.5 டன் ஆயிற்று. லாரியின் சொந்த எடை மாறவில்லை. ஆகவே கூடிய மூன்றரை டன்னும் சரக்குக்கே. ஏறத்தாழ ஆறு லாரி சுமந்ததை இனி ஐந்து லாரி சுமந்துவிடும். லாரிக்காரருக்கு லாபம், நாட்டுக்குச் செலவு குறைவு, நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஆறாவது லாரி, வாங்கப்படாமல் போன லாரி, அதன் அச்சைக் கடைய வேண்டியவன், கேபினுக்கு வயர் கட்ட வேண்டியவன், சீட்டுக்கு நுரை வெட்ட வேண்டியவன், இவர்கள் எல்லாரும் மாத்தூர் அறையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து ஒரு வருஷத்தில் இங்கே வந்து சேர்ந்தது. வரும் வழியில் யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

சரி, வேலை யாருக்குப் போனது? இதுதான் முக்கியம். தொழிற்சாலைக்குள் ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்கிற நான்கு பேரைப் பாருங்கள். சட்டை நிறமோ தொப்பி நிறமோ வேறாக இருக்கும். ஒருவர் பெர்மனென்ட். ஒருவர் கம்பெனி டிரெய்னி. ஒருவர் அப்ரன்டிஸ் அல்லது அப்போதிருந்த 'நீம்' திட்டத்து டிரெய்னி. ஒருவர் கான்ட்ராக்ட். நீம் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013இல் விதிமுறை வகுத்து, 2017இல் திருத்திக் கொண்டுவந்த பயிற்சித் திட்டம். மூன்று மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை 'பயிற்சி'. பயிற்சி என்பதால் அவன் தொழிலாளி ஆகவில்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சம்பளம் என்ற பெயரும் இல்லை, உதவித்தொகை. திட்டம் எழுதியவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. பையனுக்குக் கைவேலை வரட்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் மூன்று ஆண்டு கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஒரே போல்ட்டை முறுக்குவதில் என்ன இருக்கிறது? மூன்று ஆண்டில் நான் டிப்ளமோ முழுவதையுமே நடத்திவிடுவேன்.

உற்பத்தி இல்லாத நாள் என்று அறிவித்தால், அன்றைக்கு நடைமுறையில் இருந்த சட்டப்படி, பதிவேட்டில் பெயருள்ள, ஓராண்டு முடித்த தொழிலாளிக்கு லே-ஆஃப் இழப்பீடாகப் பாதிச் சம்பளமாவது உண்டு. டிரெய்னிக்கு என்ன உண்டு? தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது. அருமையான சட்டம். அது 'தொழிலாளி'க்கு. பயிற்சி பெறுபவன் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிட்டால் 480 நாளும் எண்ணப்படாமலே கழிந்துவிடுகிறது.

அந்த மஞ்சள் காமாலைத் தம்பியின் கதை அப்படித்தான். சங்கராபுரம் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. பதினான்கு மாதம் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் 'நீம்' டிரெய்னி. பெயர் வேண்டாம். ஜூலை மாதம் ஒரு காலை, ஐந்தரை மணி பஸ்ஸில் போய் இறங்கி, வழக்கம்போலக் கார்டை வைத்திருக்கிறான். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறான். சிவப்பு. பின்னால் நின்றவர்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். செக்யூரிட்டி அண்ணன் ஒரு தாளை எடுத்து விரலை மேலிருந்து கீழே இறக்கிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல பேர் இல்ல தம்பி. கன்சல்டன்சியில கேட்டுக்க" என்றாராம். அந்த செக்யூரிட்டியும் கான்ட்ராக்ட்தான். லாக்கரில் இருந்த டிபன் பாக்ஸை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. அதை என்னிடம் சொல்லும்போதுதான் அவன் கண் கலங்கியது. அம்மா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

இனி அவன் நாள் எப்படிப் போனது? வேலை தேடுபவன் சும்மா இருக்கிறான் என்று நினைப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவன் அம்மாவுக்கு வேலை போனது தெரியாது. ஆகவே அலாரம் பழையபடி நாலே முக்காலுக்கு அடித்தது. பத்தரை மணிக்கு டீ பிரேக் நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்வது வழக்கம். அதையும் நிறுத்தவில்லை. ஏதாவது ஒரு கம்பெனிச் சுவரோரம் போய், உள்ளே மெஷின் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "பிரேக்லதாம்மா இருக்கேன், சாப்ட்டேன்" என்று பேசிவிட்டு வைப்பான். மூன்று மாதம் இப்படி. ஒருநாள் அம்மாவே, "என்னடா, இன்னைக்கு மெஷின் சத்தமே கேக்கல?" என்று கேட்டிருக்கிறார். அன்று அவன் நின்ற கம்பெனியிலும் உற்பத்தி இல்லை.

அவனிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அன்றாடக் கணக்கு எழுதுவான். அந்தப் பழக்கம் நான் வகுப்பில் சொன்னதால் வந்தது என்று காட்டினான். ஒரு பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஜெராக்ஸ் 24. பஸ் 30. போட்டோ 40. டீ 10. அதற்குக் கீழே சாப்பாடு என்று எழுதி, எதிரே ஒரு கோடு. வேலை தேடவே காசு வேண்டியிருக்கிறது பாருங்கள். பிளாஸ்டிக் ஃபைலில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிப்ளமோ சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல். கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், திருப்பித் தர மாட்டார்கள். ஒரகடத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குக் கடன் சொல்லி நகல் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.

போனில் எந்நேரமும் வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டிருக்கும். அவசரத் தேவை, டிப்ளமோ மெக், உணவு, தங்குமிடம் உண்டு, 2018, 2019 பாஸ்டு அவுட் மட்டும். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். எங்கள் தம்பி 2017இல் முடித்தவன். வயது இருபத்தொன்று. அவனுக்கு அனுபவம் இருக்கிறது, கை பழகியிருக்கிறது, ஆனாலும் அவன் வேண்டாம். அந்த ஆண்டு முடித்துவிட்டு வருகிறவன் வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் புதிதாக ஒரு கூட்டம் வெளியே வருகிறதே, பிறகு பழையவன் எதற்கு? இருபத்தொரு வயதில் ஒரு பையன் பழசாகிப் போகிறான். நான் படித்த காலத்தில் அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இப்போது அனுபவம் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று வாத்தியாரான எனக்கே தெரியவில்லை.

அப்புறம் கன்சல்டன்சி, அதாவது கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள். எல்லாரையும் சொல்லவில்லை, நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் உண்டு. ஆனால் மந்தம் வந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்காருகிறவர்கள் முளைத்துவிடுவார்கள். ஷூவுக்கு, யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு என்று பணம் கேட்பார்கள். இவனும் அறைத்தோழன் ஒருவனும் ஆளுக்கு மூவாயிரம் கட்டினார்கள். சொன்ன தேதியில் போனால் ஷட்டர் இறக்கியிருந்தது. தோழன் கட்டிய மூவாயிரம், அவன் அக்கா மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த கடன். வாரா வாரம் அக்கா தவணை கட்டினார்.

காலில் சக்கரம் கட்டியது போல் அலைந்தவர்களில் சிலர் சாப்பாடு டெலிவரிக்குப் போனார்கள். அதற்குப் பைக் வேண்டும். பைக் தவணையில் வாங்கியது. வேலை போன மூன்றாம் மாதம் தவணை நின்றது, நிதி நிறுவனத்து ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த ஒரகடத்தில் செய்த பைக், இந்த ஒரகடத்துப் பையன் வாங்கியது. வண்டி விற்காததால் வேலை போயிற்று, வேலை போனதால் வண்டி போயிற்று. எங்கள் தம்பி உட்படச் சிலர் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குக் கேட்டரிங் பரிமாறப் போனார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு, பந்தியில் சாப்பாடு.

இப்படி ஒரு நாள் பந்தி பரிமாறியவன், வேலை இல்லாதவனா, உள்ளவனா? நம் நாட்டில் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒரு முறை இருக்கிறது. கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும், வாராந்தரக் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். உலகம் முழுவதும் பின்பற்றும் அளவுகோல் இது, புள்ளியியலாளர்களிடம் நியாயம் உண்டு. 2019 மே 31 அன்று வெளியான 2017-18 ஆண்டுக்கான கணக்கெடுப்பு, வேறொரு அளவுகோலில், நாட்டில் வேலையின்மை 6.1 சதவீதம் என்றது. அப்போது அந்த எண்ணைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. என் கவலை எண்ணைப் பற்றியது அல்ல. எங்கள் தம்பி வேலையில் இருந்தபோது தொழிலாளி என்ற கணக்கில் வரவில்லை, டிரெய்னி. வேலை போனபோது ஆட்குறைப்புக் கணக்கில் வரவில்லை, பயிற்சி முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். வேலை தேடியபோது வேலையில்லாதவன் கணக்கிலும் வரவில்லை, பந்தி பரிமாறினான். மூன்று கணக்கிலும் இல்லாத ஒருவன் அந்த அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தான்.

உதவித் திட்டம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2006 முதல் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை கொடுக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தால் கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் 2018 ஜூலை முதல் அடல் பீமித் என்ற திட்டம் வந்தது. வேலை இழந்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறை 90 நாள் வரை, சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம். கொரோனா வந்தபோது அதை 50 ஆக்கினார்கள். இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. கட்டியிருக்க வேண்டும். எங்கள் தம்பிக்கு இ.எஸ்.ஐ.யே கிடையாது என்பதை முன்பே சொன்னேன்.

இந்தப் பகுதிக்கு இது முதல் அடியும் அல்ல. வயதில் மூத்தவர்களுக்கு 2014 நினைவிருக்கும். நோக்கியா 2006 ஜனவரியில் இங்கே உற்பத்தி தொடங்கியது. ஐந்தாறு ஆண்டில் ஐம்பது கோடி கைப்பேசிகள் இந்த ஊரிலிருந்து போயின. வரித் தகராறு, கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் விடுபட்டது, எல்லாம் சேர்ந்து 2014 நவம்பர் 1இல் மூடினார்கள். அடுத்த மாதமே அதற்குப் பாகம் செய்த ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பெண் பிள்ளைக்கு வேலை போவது வேறு மாதிரி. பையன் அறையில் கடன் சொல்லித் தங்கித் தேடிக்கொண்டிருப்பான். பெண்ணுக்கு வேலை போன அன்றே ஹாஸ்டலும் போகிறது. பெட்டியோடு ஊருக்குப் போனால், ஒரு மாதத்தில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலை தேடுவதற்கான அவகாசமே அவளுக்குக் கிடைப்பதில்லை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லியே பழகிவிட்டோம். தம்பியின் பீஸைக் கட்டி, வீட்டுக்கு ஓடு மாற்றி, கூரைக்கு ஃபேன் மாட்டிய உத்தியோகம் எத்தனையோ வீடுகளில் அக்காளுடையது.

2021 டிசம்பரில் விடுதி உணவு கெட்டு உடல்நலம் கெட்டதற்காகத் தொழிற்சாலைப் பெண்கள் இந்த நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்களே, அதற்குப் பிறகுதான் அவர்கள் தங்குமிடம் பற்றி நாடு பேசியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. நல்ல காரியம். என் வேண்டுகோள் ஒன்று உண்டு: வேலை போனாலும் இரண்டு மாதம் தங்கித் தேட அங்கே இடம் கொடுங்கள். அந்த இரண்டு மாதம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிடும்.

வடநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறோம். தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த கிராமத்துப் பையனுக்கு வேலை இல்லை என்ற ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆத்திரத்தை இறக்கி வைக்கிற இடம் அவர்கள் தலை அல்ல. மாத்தூர் அறைக்கு எதிர் அறையில் பத்து ஒடியாப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களையும் அதே வாரம்தான் நிறுத்தினார்கள். ரயிலுக்குக் காசில்லாமல் அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். எங்கள் தம்பிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அந்த அறைப் பையன் ஒருவன்தான்.

பிறகு என்ன ஆயிற்று என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் தம்பிக்கு ஒரு இடத்தில் வேலை உறுதியானது. ஏப்ரல் முதல் வாரம் சேரச் சொன்னார்கள். மார்ச் 25 ஊரடங்கு. அந்த ஏப்ரலில் நாட்டில் கார் விற்பனை கிட்டத்தட்டப் பூஜ்யம். ஊருக்குப் போனவன் ஒன்றரை ஆண்டு கரும்பு வெட்டவும் கம்பி கட்டவும் போனான். பின்னர் சந்தை எழுந்தது, புதுப் புது ஆலைகள் வந்தன, இன்று இந்தச் சாலையில் பஸ் நிற்க இடமில்லை. நல்லது. இந்த ஊருக்கு வந்த தொழிற்சாலைகளை நான் மனதார வரவேற்கிறவன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்தபோது மாணவர்களைப் பஸ் வைத்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டியவன். ஆனால் ஏறிய சந்தை மறுபடி இறங்கும். அப்போது முதலில் யார் வெளியே நிற்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது சில உண்டு.

தம்பிகளே, தங்கைகளே, வேலைக்குச் சேரப் பணம் கட்டாதீர்கள். ஷூவுக்கு என்றாலும் கட்டாதீர்கள். சேர்ந்த அன்றே உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது, டிரெய்னியா, அப்ரன்டிஸா, கான்ட்ராக்டா என்று பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள். பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். வேலை போனால் அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் தம்பி வேலை போனதை மறைத்து வைத்தது அவன் ஈரலைத்தான் கெடுத்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடவில்லை, கண்ட இடத்தில் தண்ணீர் குடித்தான். வீட்டில் சொல்லியிருந்தால் அரிசியாவது வந்திருக்கும்.

வீட்டுக்காரர்களே, அட்வான்ஸில் கழித்துக்கொண்டு இரண்டு மாதம் பொறுங்கள். அவர்கள் ஏமாற்றிவிட்டு ஓடுகிற பிள்ளைகள் அல்ல.

இந்த அவையில் மனிதவளத் துறையில் இருப்பவர்கள் நான்கைந்து பேரைப் பார்க்கிறேன். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி இரண்டாம் முறை வேலை தேடி வந்தபோது நானும் கூடப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர், "பதினாலு மாசம் எங்கே இருந்தே? ஃபைலில் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பதினான்கு மாதம் அவன் நின்ற மெஷின் எனக்குத் தெரியும். அதன் ஸ்பிண்டில் வேகம், அவன் அளந்த மைக்ரோமீட்டர், ஒரு ஷிப்டுக்கு அவன் கழித்த பீஸ் எண்ணிக்கை எல்லாம் அவன் நோட்டில் இருந்தது. அவனை நிறுத்தியவர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் மட்டும் இல்லை. உற்பத்தி விழுந்தால் எல்லாரையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது உங்கள் கையில் இல்லை. ஆனால் இந்தப் பெயருள்ள பையன், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த மெஷினில் வேலை செய்தான், ஒழுங்காக நடந்துகொண்டான் என்று கம்பெனி லெட்டர்பேடில் நான்கு வரி எழுதிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. உங்களிடம் பயிற்சி முடித்துப் போகிற, நிறுத்தப்படுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கள். அவனுடைய டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொள்ள விடுங்கள்.